சருவத்தோடு ஏறுகிற பெண்கள்: குமரி மாவட்டத்து நடத்துநர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேருந்து நடத்துநர், ஓட்டுநர் அண்ணாச்சிமாருக்கும், நேரக் காப்பாளர்களுக்கும், பணிமனை மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் நடந்ததை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த அம்மா பேசாமல் போய்விடவில்லை. நேரக் காப்பாளரிடம் போய், ஊரே திரும்பிப் பார்க்க நியாயம் கேட்டார். அதை யாரோ கைப்பேசியில் பிடித்துப் போட, நாடு முழுக்கப் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் சஸ்பெண்ட் ஆனார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தில் ஒரு நரிக்குறவர் குடும்பத்தை இறக்கிவிட்டு, அவர்கள் மூட்டையையும் வெளியே எறிகிற காணொளி வந்தது. அங்கேயும் சஸ்பெண்ட்.

அதற்குப் பிறகு யாரும் "இறங்கு" என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சஸ்பெண்ட் அந்த அளவுக்கு வேலை செய்திருக்கிறது. ஆனால் சொல்லாமலே இறக்குவதற்கு வழி பல உண்டு. நிறுத்தத்தில் மீன்காரப் பெண்கள் நாலு பேர் சருவத்தோடு, அதாவது மீன் சுமக்கிற அகலப் பாத்திரத்தோடு நின்றால், வண்டி இருபதடி தள்ளிப் போய் நிற்கும். ஓடி வருவதற்குள் விசில் அடித்துவிடும். "பின்னாலயே காலி வண்டி வருது, அதுல வாங்க" என்று ஒரு குரல் வரும். அந்தக் காலி வண்டி எப்போது வரும் என்று உங்களுக்கும் தெரியாது, நிற்கிறவர்களுக்கும் தெரியாது. இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கடற்கரை ஊரில் பிறந்தவள். அம்மா மீன் விற்றுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். இப்போது நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பிச்சிப்பூவும் பவுடருமாக ஏறுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. சருவத்தோடு ஏறுகிற அக்காமாரில் பாதிப் பேர் எனக்குச் சொந்தம். மூக்கைப் பொத்துகிறவர் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன், பொத்துவதைப் பார்த்துத் தலையைக் குனிகிறவர் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்து நியாயமும் கொஞ்சம் தெரியும்.

மீன்காரப் பெண்ணின் நாள் எப்படிப் போகிறது என்று பேருந்தில் வருகிற பலருக்குத் தெரியாது. விடியும் முன்பே கரைக்கு வந்துவிட வேண்டும். வள்ளம் ஒதுங்கியதும் ஏலம். சாளையும் நெத்திலியும் அயிலையும் அன்றைக்கு என்ன விலைக்குப் போகிறதோ, அந்த விலைக்குக் கடனாகவோ, வட்டிக்கு வாங்கிய காசைக் கொடுத்தோ எடுக்க வேண்டும். ஐஸ் போட்டு, சந்தைக்கோ வீடு வீடாகவோ கொண்டு போய், வெயில் ஏறுவதற்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். விற்றது போக மிச்சம் கிடந்தால் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டும். சரக்கோடு போகும்போது பெரும்பாலும் நாலைந்து பேர் சேர்ந்து ஆட்டோவோ டெம்போவோ பிடித்துவிடுவார்கள். திரும்பி வரும்போதுதான் பேருந்து. அதாவது உங்கள் வண்டியில் ஏறுகிற சருவம் அநேகமாகக் காலிச் சருவம்.

அதையும் சும்மா கொண்டு வருவதில்லை. சந்தைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். கை, கால், முகம் கழுவுவார்கள். சிலர் பிளாஸ்டிக் பையில் மாற்றுச் சேலை வைத்திருப்பார்கள். பழைய சேலையைச் சுருட்டிச் சருவத்துக்குள் திணித்து, மேலே சாக்கைப் போட்டு மூடுவார்கள். இத்தனைக்குப் பிறகும் வாடை போகாது. மீன் வாடை விரல் இடுக்கிலும் முடியிலும் ஏறிவிட்டால் ஒரு குளியலில் இறங்காது. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தான், இருக்கை காலியாகக் கிடந்தாலும் பின்வாசல் பக்கம் சருவத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். நீங்கள் தினமும் பார்க்கிற காட்சிதான். யாரும் சொல்லி அவர்கள் அப்படி உட்காரவில்லை. சொல்ல விடக் கூடாது என்பதற்காக அவர்களே உட்கார்கிறார்கள்.

பேருந்தில் யார் ஏறலாம், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பது நம் பக்கத்தில் பழைய சண்டை. 1956 வரை நாமெல்லாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தோம். களியக்காவிளை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற வெங்ஙானூரில், 1893-இல் அய்யன்காளி வில்லுவண்டி பூட்டிப் பொதுப்பாதையில் ஓட்டினார். வண்டியில் ஏறிப் பாதையில் போவதே அவருடைய சாதிக்கு மறுக்கப்பட்டிருந்த காலம். தமிழ்நாட்டுப் பக்கம் மோட்டார் பஸ் வந்தபோது அதுவும் எல்லோரையும் ஏற்றிக்கொள்ளவில்லை. ஆதிதிராவிடரை ஏற்ற மாட்டோம் என்றார்கள் தனியார் பஸ் முதலாளிகள். செங்கல்பட்டில் 1929-இல் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினாரே டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், அவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது ஓர் உத்தரவு போட்டார்: ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து. அதன் பிறகுதான் கதவு திறந்தது. சென்னையில் பாண்டி பஜாரில் துணி எடுக்கப் போகிறவர்கள் அது இவர் பெயர்தான் என்று தெரிந்து போகிறார்களா, சந்தேகம்.

1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், தீண்டாமையின் பேரில் பொது வாகனத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்று எழுதியது. நடைமுறை அவ்வளவு வேகமாக மாறவில்லை. 1997-இல் விருதுநகரை மையமாக வைத்து ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தலித் சமூகத்தில் பிறந்த வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் நாங்கள் ஏற மாட்டோம் என்று கிளம்பியவர்கள் இருந்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. நம் பஸ்களில் இருந்த நேசமணி பெயரும் அந்தக் கணக்கில்தான் போனது. இந்த மாவட்டத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் பாடுபட்டவர் பெயர், யாரோ யார் பெயரிலோ ஏற மறுத்ததால் அழிந்தது. இன்றைக்கு வண்டியின் பக்கவாட்டில் எந்தத் தலைவர் பெயரும் ஏன் இல்லை என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிமாருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. மீன்காரப் பெண்ணைத் தள்ளி உட்காரச் சொல்கிறவர், "வாடை தாங்கல, அவ்வளவுதான்" என்பார். பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே வண்டியில் ரப்பர் ஷீட்டோடு ஒருவர் ஏறுகிறார். ஷீட் வாடை தெரியாதவர் இந்த மாவட்டத்தில் உண்டா? பலாப்பழம் ஏறுகிறது. சாயங்கால வண்டியில் டாஸ்மாக்கே ஏறுகிறது. அவர்களை இறக்கிவிட்டு ஒரு காணொளியும் வரவில்லை. இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் நடுவே மூண்ட 1982 மண்டைக்காடு கலவரத்துக்குப் பிறகு கடற்கரைக்காரர், உள்நாட்டு ஊர்க்காரர் என்ற விரிசல் இந்த மாவட்டத்தில் எத்தனை காலம் கிடந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மூக்குக்கு எது உறுத்துகிறது என்பதிலும் அந்தப் பழைய கணக்குக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். இத்தனைக்கும் மாசிக் கொடைக்கு மண்டைக்காடு போவதும், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குப் போவதும், தக்கலை பீரப்பா தர்காவுக்குப் போவதும் இதே பேருந்தில்தான். அன்றைக்கெல்லாம் மூச்சு முட்டுகிற கூட்டத்தில் யாரும் யாரையும் முகர்ந்து பார்ப்பதில்லை.

உங்கள் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆள் பற்றாக்குறை, விடுப்புக் கேட்டால் கிடைக்காது, ஒரு ஷிப்ட் முடித்து இறங்குவதற்குள் இன்னொன்றில் ஏறச் சொல்வார்கள். இரணியல் பக்கத்து வளைவுகளில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழிக்கிற வித்தை வேறு யாருக்கு வரும்? பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு நீட்டுகிறவர், படிக்கட்டில் தொங்குகிற பையன்கள், குடித்துவிட்டு வம்பு இழுக்கிறவர் எல்லாம் உங்கள் தலையில். அதற்கு நடுவில் ஒரு பயணி எழுந்து, "கண்டக்டர், இவங்கள பின்னால போகச் சொல்லுங்க" என்றால், உங்களுக்குச் சுலபமான வழி எதிர்த்துப் பேசாதவரிடம் சொல்வதுதான். அந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் சொல்கிற அடுத்த வார்த்தையை வைத்துத்தான் மொத்த வண்டியும் யார் பக்கம் சாய்வது என்று முடிவு செய்கிறது.

திங்கள்சந்தை வழியாக வரும் ஒரு சாயங்கால வண்டியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கல்யாண வீட்டிலிருந்து வந்தவர் போலிருந்தது, நல்ல பட்டுச்சேலை. பக்கத்து இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி சருவத்தோடு ஒரு அக்கா நின்றார். பட்டுச்சேலைக்காரர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மேலே சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார். நடத்துநருக்கு ஐம்பது வயதிருக்கும். சில்லறை எண்ணுவதை நிறுத்தாமல், "எம்மா, ஜன்னலைத் தொறந்து வச்சுக்கோங்க, நல்ல காத்து வரும்" என்றார். பிறகு இந்த அக்காவிடம், "அக்கா, சருவத்த அந்த டயர் மேட்டு ஓரமா தள்ளி வையுங்க, ஆளு கால்ல தட்டாது. நீங்க எதுக்கு நிக்கீங்க, அங்க சீட்டு இருக்குல்லா" என்றார். பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். குரல் உயரவில்லை, யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அந்த அக்கா இருக்கையின் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே தெரிய உட்கார்ந்தார்.

பட்டுச்சேலைக்காரர் மனம் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். மாறவில்லை. இறங்குகிற வரை முந்தானை மூக்கை விட்டு இறங்கவே இல்லை. பரவாயில்லை. அவர் மீன்காரப் பெண்ணை நேசிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, சிரித்துப் பேச வேண்டும் என்றும் கேட்கவில்லை. அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வரும் முன்பின் தெரியாத ஒருவருக்கு, நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, நமக்குள்ள அதே இடம் உண்டு. அதற்கு மேல் பேருந்தில் எதுவும் தேவையில்லை. அந்த நடத்துநர் செய்தது அதைத்தான். பட்டுச்சேலைக்காரருக்குக் காற்று கிடைத்தது, சருவக்காரருக்கு இருக்கை கிடைத்தது.

ஒரு முறையீடு மட்டும் நியாயமானது என்று ஒத்துக்கொள்கிறேன். சில நேரம் மீனோடு ஏறுகிற சருவத்திலிருந்து ஐஸ் தண்ணீர் வடிகிறது. தரை வழுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் பட்டால் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு முழுவதும் கஷ்டம். இது வாடை மாதிரி இல்லை, சரிசெய்யக் கூடியது. மூடி இறுக்கமான பாத்திரம், அடியில் ஒரு சாக்கு, வைப்பதற்கு ஒரு இடம் இருந்தால் போதும். எங்கள் ஊர்ப் பெண்களிடம் இதை நானே சொல்லியிருக்கிறேன். "எடம் குடுத்தா நாங்க ஏன் நடுவுல வைக்கோம்?" என்று திருப்பிக் கேட்டார்கள். கடற்கரை ஊர்களுக்குப் போகிற நகரப் பேருந்துகளில் பின்வாசலுக்கு எதிரே ஒரு இருக்கையைக் கழற்றிவிட்டால் சருவமும் நிற்கும், காய்கறிச் சாக்கும் நிற்கும், கைக்குழந்தைக்காரரும் நிற்பார். பணிமனை மேலாளர்கள் கவனத்துக்கு.

மீன்காரப் பெண்களுக்கென்று தனிப் பேருந்து விட்டால் தொல்லை தீர்ந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஏல நேரத்துக்குத் தோதாக, சந்தை வரைக்கும் ஒரு வண்டி விட்டால் சந்தோஷமாக ஏறுவார்கள். வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் அப்படி ஒரு வண்டி இருப்பது, "உங்களுக்குத்தான் தனி வண்டி இருக்கே, இதுல எதுக்கு ஏறுறீங்க" என்று கேட்பதற்கு அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடாது. ஆகும் என்றே எனக்குப் பயம்.

கட்டணமில்லாப் பயணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அந்தக் காசை அரசு கழகத்துக்குக் கொடுக்கிறது. உங்கள் பையிலிருந்தோ எங்கள் பையிலிருந்தோ தனியாகப் போவதில்லை. "ஓசி" என்ற சொல்லை ஒரு அமைச்சரே மேடையில் சொல்லி ஊரெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன் பிறகும் அது பேருந்துக்குள் காதில் விழுகிறது. விழுவதிலும் ஒரு தராதரம் இருக்கிறது. கைப்பையோடு ஏறுகிற எனக்கு யாரும் சொல்வதில்லை. எனக்கு "நீங்க எங்க இறங்கணும்?" எனக்கு அடுத்து நிற்கிற, என் அம்மா வயதுக்காரருக்கு "நீ எங்க?" ஒரே மூச்சில், ஒரே வாயில், இரண்டு பேருக்கு இரண்டு மரியாதை.

இப்போது வெளிமாநிலத்துப் பையன்களும் நம் வண்டிகளில் நிறைய வருகிறார்கள். ஹோட்டல், கட்டட வேலை, துறைமுகம் என்று வங்காளம், ஒடிசா, அசாம் பக்கமிருந்து வந்தவர்கள். மார்த்தாண்டம் என்ற பெயரைச் சொல்ல நாக்குத் திரும்பாமல் கைப்பேசியில் எழுதிக் காட்டுவார்கள். எடுத்த எடுப்பிலேயே "டேய்" என்று தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் நாலு பேர் சிரிப்பார்கள். நம் மாவட்டத்துக்காரர் சென்னைக்குப் போய் வாய் திறந்தால், "நீங்க மலையாளியா?" என்று கேட்கிறார்கள் அல்லவா, அப்போது நமக்கு எப்படி இருக்கிறது? எங்கள் ஆண்பிள்ளைகள் கொச்சிக்கும் மங்களூருக்கும் குஜராத்துக்கும் போய்த் தொழில் செய்கிறவர்கள். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்துப் படகுகள் திசை மாறியபோது லட்சத்தீவிலும் மகாராஷ்டிராக் கரையிலும் போய் ஏறியவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. மொழி தெரியாத ஊரில், உப்பு காய்ந்த உடம்போடு நின்றவர்களை அந்தக் கரைக்காரர்கள் எந்த வண்டியிலிருந்தும் இறக்கிவிட்டதாக யாரும் வந்து சொல்லவில்லை. "தம்பி" என்று கூப்பிட மொழி தேவையில்லை. விரலால் எத்தனையாவது நிறுத்தம் என்று காட்டினால் அந்தப் பையன் எண்ணிக்கொள்வான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது மேலதிகாரிகளுக்கு. பயிற்சி வகுப்பில் டீசல் சிக்கனம், விபத்துத் தவிர்ப்பு எல்லாம் சொல்லித் தருகிறீர்கள். பயணிகளிடம் கனிவாக நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரியும் இருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பாமல், "ஒரு பயணி இன்னொரு பயணியைத் தள்ளி உட்காரச் சொல்லு என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் எழுந்து பேசச் சொல்லுங்கள். திங்கள்சந்தை வண்டி நடத்துநரைப் போன்றவர்கள் ஒவ்வொரு பணிமனையிலும் இருப்பார்கள். அவர்களைப் பேச விடுங்கள். கூடவே எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேரையும் அழையுங்கள், வந்து சொல்வார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பலர் வீட்டில் சைவம் என்பதால் விற்பனை இழுத்துக்கொண்டு போகும். மற்ற நாளில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வைத்தால் சந்தை முடித்துக் குளித்துவிட்டே வந்துவிடுவார்கள். வருவதற்கு நிறுத்தத்தில் வண்டி நின்றால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியில் தினமும் வரும் ஒரு பயணி,
குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்